கோணல் கேரட்

எனக்கென்று வீட்டில் ஒரே ஒரு கொள்கை இருந்தது. சமையலறைக் கத்தியைத் தொடுவதில்லை. நாள் முழுக்கப் பட்டறையில் ரம்பமும் உளியுமாக நிற்கும் தச்சன் நான். வீட்டுக்கு வந்தும் வெட்டிக்கொண்டிருந்தால் தொழிலுக்கு என்ன மரியாதை?

அந்தக் கொள்கை ஒரு கிரீம் பிஸ்கட்டால் போயிற்று.

என் மகளுக்கு ஒன்றேகால் வயது. வீட்டில் அவளை மேனேஜர் என்போம். உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். முன்னால் வைப்பதைப் பார்வையிடுவாள். பிடிக்காததைத் தரைக்கு அனுப்புவாள். காரணம் சொல்ல மாட்டாள். கிரீம் பிஸ்கட்டுக்கு மட்டும் உடனடி அனுமதி.

குழந்தை டாக்டர் அவள் வாயைத் திறந்து பார்த்தார்.

"இருக்கிறதே ஆறு பல்லு. அதுக்குள்ள இவ்வளவு இனிப்பா?"

மனைவி என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தாள், வாங்கித் தந்தவன் நான்தானே.

"இனிமே பிஸ்கட் வேண்டாம். காய், பழம், முட்டை. உங்க விரல் அளவுக்கு வெட்டிக் கொடுங்க, அவளே பிடிச்சுத் தின்னட்டும். காயை ரெண்டு விரலால அமுக்கினா நசுங்கணும், அந்த அளவுக்கு வேகவைங்க."

மறுநாள் மனைவி தட்டில் வெந்த கேரட் வைத்தாள். எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"என்னம்மா இது?"

"கேரட்டுங்க."

"அது தெரியுது. இது கட்டில் கால், இது பல்குச்சி. ஒரே சட்டியில ரெண்டும் எப்படி ஒண்ணா வேகும்?"

"எனக்கு இவ்வளவுதான் வருது. கை பழகலை."

"நகரு."

அந்த ஒரு சொல்லோடு என் கொள்கை முடிந்தது.

புதுக் கேரட் எடுத்து வெட்டினேன். எட்டுத் துண்டும் எட்டுப் பிள்ளைகள் பள்ளியில் வரிசை நிற்பதுபோல் நின்றன. மனைவி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது கையா, மெஷினாங்க?"

"மெஷின்ல இந்த ஓரம் வராது" என்றேன், அடக்கமாக.

மறுநாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மனைவி கையில் கோணிற்று, நானே வாங்கி வெட்டினேன். அதற்கும் மறுநாள் பேரிக்காய். பிறகு ஆம்லெட். ஓட்ஸும் வாழைப்பழமும் பிசைந்து, ஒரு சிட்டிகை சர்க்கரைகூட இல்லாமல் சுட்ட குச்சிகள். இரண்டே வாரத்தில், காலை ஆறரைக்கு நான் பலகை முன்னால் நின்றேன். மனைவி காபியோடு உட்கார்ந்து, "மூணாவது துண்டு கொஞ்சம் தடிப்போ?" என்றாள். வெட்டியாக இருந்தவள் அவள். வெட்டியவன் நான்.

சனிக்கிழமை அவள் வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வேலைக்குப் போனாள். கொடுக்கப் போனேன். அவளுக்கு வேலை பள்ளிச் சீருடை தைக்கும் கடையில், துணி வெட்டுவது. இது எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். இதையும் கேரட்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

எட்டு மடிப்புத் துணி. சாக்பீஸ் கோடு இல்லை. கத்தரி ஒரு காலரைச் சுற்றி வந்தது. பக்கத்திலிருந்த பெண்ணோடு பேசிக்கொண்டே வெட்டினாள். நான் பையிலிருந்த டேப்பை எடுத்து அளந்தேன். நூல் பிசகவில்லை.

சாயங்காலம் கேட்டேன்.

"துணியை அப்படி வெட்டறே. கேரட்டு ஏன் கோணிச்சு?"

"துணி படுத்துக் கிடக்கும். கேரட்டு உருளுதே!"

"கிழங்கு?"

"அதுவும் உருளும்."

"ஆம்லெட்?"

கொஞ்சம் யோசித்தாள். "சூடா இருந்துச்சு."

நான் எதையும் அளந்து பேசுகிறவன். அவள் என்னையே அளந்து வைத்திருக்கிறாள். ஆப்பு அடிப்பது என் தொழில், எனக்கே ஆப்பு! சரி, அவள் வழியிலேயே போவோம் என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை காலை கோணலாக வெட்டினேன். சுலபமென்று நினைக்காதீர்கள். இருபது வருடப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு துண்டிலும் மேடு, பள்ளம், நெளிவு. பட்டறையில் யாராவது இப்படி அறுத்திருந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். வேகவைத்துத் தட்டில் கொட்டினேன்.

"எனக்கு இவ்வளவுதான் வருது. கை தளர்ந்துபோச்சு."

மேனேஜர் பார்வையிட்டாள். இத்தனை நாளும் என் வழவழ துண்டுகள் அவள் பிடியிலிருந்து சோப்பு போல நழுவும். பாதி தரைக்குத்தான் போகும். இன்று ஒன்றை எடுத்தாள். பள்ளத்தில் விரல் உட்கார்ந்தது. வாய்க்குப் போயிற்று. இன்னொன்று. இன்னொன்று. தட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா என்ற முறையில் ஆனந்தம். வெட்டுவதிலிருந்து தப்பப் பார்த்தவன் என்ற முறையில் பயம்.

"நெளிநெளியா இருந்தா நழுவாதுன்னு அன்னிக்கு நீங்க பணம் கட்டப் போனப்பவே டாக்டர் சொன்னாருங்க" என்றாள் மனைவி. "நேரா வெட்டறவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"இது தெரியாம வந்த கோணல்மா. இனிமே வராது."

"வரும்" என்றாள்.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். பகலில் மேனேஜரை விட்டுவைக்கும் தெருமுனைக் குழந்தைகள் காப்பகத்து டீச்சர், கையில் பதினொரு காலி டப்பா.

"எங்க பிள்ளைங்களுக்கும் நெளிநெளியாவே வேணும் சார். சனிக்கிழமை சாவியை மறந்துட்டுப் போகப் போறதாவும், திங்கட்கிழமைக்குள்ள நீங்க நேரா வெட்டறதை விட்டுடுவீங்கன்னும் உங்க வீட்டம்மா போன வாரமே சொல்லிட்டாங்க."