மொட்டையடித்த சரிவும் மாப்பிள்ளையின் தலைமுடியும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் ஒரு குறைவும் இல்லாத, மரக் கம்பெனி மேலாளர், என் ஒரே மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமியார் மனதார வாழ்த்தி எழுதுவது.

இங்கே நான், என் மகள், உங்கள் மகள் மூவரும் சுகம். தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கும் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அங்கே ஏரியும் கிடையாது, ஏரி மீனும் கிடையாது என்று கேள்விப்பட்டு நிம்மதி அடைந்தேன்.

நேற்று நீங்கள் போனில் பேசியது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அத்தை, மேற்குச் சரிவை வெட்டணும்னா ஊர்க் கூட்டத்துல சம்மதம் வாங்கணும். அந்த நேரம் பாத்து உங்க பேத்தி அறிக்கை படிக்கிறேன்னு நிக்கிறா. மரம் வெட்டுறதுக்கும் மீன்ல பாதரசம் ஏறுறதுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறா. நீங்க சொன்னாதான் கேப்பா. அவளப் படிக்க விடாதீங்க." கல்யாணமான நாளிலிருந்து "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டறியாத மாப்பிள்ளை உதவி கேட்டதில் உச்சி குளிர்ந்துபோனேன். நானோ ஐந்தாம் வகுப்பு. பேத்தியோ மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். ரெண்டையும் கூட்டி வகுத்தால் இந்த வீட்டில் எல்லோருமே பட்டதாரிதான். அவளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதுவே எனக்குப் பெரிய கௌரவம்.

சொல்வதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா? அதை நான் ஏற்கெனவே தெரிந்துகொண்டாயிற்று. நீங்கள்தான் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் சேற்றுத் தண்ணீருக்கு இடமில்லை என்று அவளைப் பெட்டியும் பாட்டிலுமாக என் வீட்டுக்கு அனுப்பி வைத்தீர்களே. அன்றிலிருந்து என் ஃப்ரிட்ஜில் பால் வைக்க இடமில்லை. மேல் தட்டு முழுக்கச் சரிவுத் தண்ணீர், கீழ் தட்டு முழுக்க நம்பர் ஒட்டிய மீன். பாரம் தாங்காமல் போன மாதம் ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டது. வெயிலில் வந்த மெக்கானிக், கதவைத் திறந்ததும் கண்ணில் பட்ட பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, "தண்ணி கொஞ்சம் மண்வாசனையா இருக்கே" என்றார். பேத்தி ஓடிவந்து, "பாட்டி! என் குட்டையக் குடிச்சிட்டாரு!" என்று அலறினாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "தங்கச்சி, நான் பொழைப்பேனா?" "ஒண்ணும் ஆகாதுண்ணே, வயிறு வேணா ஒரு நாள் கலக்கும். தண்ணியில இருக்கிற பாதரசம் தூசு மாதிரி. அதப் புழு தின்னு, புழுவச் சின்ன மீன் தின்னு, சின்னதப் பெருசு தின்னு, படிக்குப் படி சேந்துக்கிட்டே போகும். பெரிய மீன தினம் தின்னாதான் வம்பு." அந்த மனிதர், தான் மீனே தொடுவதில்லை என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். பேத்தியும் பெருமூச்சு விட்டாள். அவள் கவலை வேறு: மறுபடியும் சரிவேறி அதே குட்டையில் தண்ணீர் மொள்ள வேண்டும்.

அப்படி என்ன பொல்லாத குட்டை என்று நானும் கூடவே கிளம்பிப் போனேன். மாப்பிள்ளை, உங்கள் கைவண்ணத்தைச் சும்மா சொல்லக் கூடாது. ஏற்கெனவே வெட்டி முடித்த கிழக்குச் சரிவில் ஒரு காக்காய் உட்காரக் கிளை இல்லை. ஓடைக்கரை வரை வழித்து எடுத்திருக்கிறீர்கள். பேத்தி காட்டிக்காட்டிச் சொன்னாள். எங்கெங்கோ கரி எரிக்கிற புகையில் பாதரசம் கிளம்பி, காற்றில் பறந்து, மழையோடும் உதிர்ந்த இலையோடும் காட்டில் இறங்குமாம். காட்டு மண் அதைக் கஞ்சன் காசை மடியில் முடிந்த மாதிரி இறுக்கிப் பிடித்து வைத்திருக்குமாம். மரம் நின்றவரை வேர் தண்ணீரைக் குடித்தது. மரம் போனதும் குடிக்க ஆளில்லை, மண் ஊறிப்போனது. அந்த ஊறலில் மழை என்றும் பாராமல் உங்கள் மரம் இழுக்கும் வண்டி ஏறி இறங்கியதில் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரத் தடம். தடம் நிறையத் தேங்கிய தண்ணீர். காற்றே புகாத அந்தச் சேற்றில் சுகமாகக் குடியிருக்கிற கிருமிகள், சும்மா கிடந்த பாதரசத்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு லேசில் விலகாத விஷமாக மாற்றிவிடுமாம். அடுத்த மழைக்கு ஓடை, ஓடையிலிருந்து ஏரி. மேலே மொட்டையடித்த சரிவு, கீழே முழங்கால் பள்ளம். முடிச்சுப் போட்டது என் பேத்தியா, உங்கள் சக்கரமா என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

பள்ளங்களில் பாதியைக் காணவே காணோம். எங்கே என்று பார்த்தால் மேலே இலையும் தழையுமாகப் பரப்பி மூடியிருக்கிறது. உங்கள் மேஸ்திரி பெருமையோடு வந்தார். "பாத்தீங்களாம்மா, எவ்ளோ சுத்தமா இருக்கு! அதிகாரிங்க வந்தா பள்ளம் தெரியக் கூடாதுன்னு சார்தான் மூடச் சொன்னாரு." வாசலில் விருந்தாளி சத்தம் கேட்டால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவீர்களே, அந்தத் திறமைதான். துணி கட்டிலுக்கடியில் கிடந்தால் நாற்றத்தோடு போகும். தழையோ தண்ணீரில் ஊறி அழுகி, கிருமிக்கு மூன்று வேளையும் இலை போட்ட கதையாகிவிட்டது. திறந்து கிடந்த பள்ளத்தைவிட நீங்கள் மூடிய பள்ளத்தில்தான் விஷம் அதிகம் என்கிறாள் உங்கள் மகள்.

பேச்சோடு பேச்சாக மேஸ்திரி சொன்னார்: "என் பொண்ணு முழுகாம இருக்கும்மா. ஏரியில கெடைக்கிறதுலயே பெரிய மீனாப் பாத்து தினம் வாங்கிக் குடுக்கிறேன். புள்ள புத்திசாலியாப் பொறக்கட்டும்னு." பேத்தி கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். "வேணாம் மேஸ்திரி. இன்னைலேருந்து ஏரி மீன நிறுத்துங்க. வயித்துப் புள்ளையோட மூளையத்தான் அது மொதல்ல தொடும்." அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நம்ம சாரே தினம் சாப்பிடுறாரேம்மா, சிங்கம் மாதிரி இருக்காரே?"

சிங்கத்தின் பிடரி முடியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். தின்ற மீனின் பாதரசம் முடியில் தெரியும் என்று ஊராரிடம் ஆளுக்குக் கொஞ்சம் முடி கேட்டாள் அல்லவா? நானும் கொடுத்தேன். நீங்களும் சலூனில் உட்கார்ந்து, "என் முடியையும் போடு. எனக்கு ஒண்ணுமில்லேன்னு வரட்டும், அப்புறம் அவ வாயைத் தெறக்கட்டும் பாப்போம்" என்று வீரம் பேசிக் கொடுத்தீர்கள். பொட்டலத்தில் நம்பர்தான், பெயர் கிடையாது. ஆனால் சலூன்காரர் வாய்க்கு நம்பர் போட முடியுமா? அதிலும், ஊரில் கறுப்புச் சாயம் பூசி அடியில் வெள்ளை தெரிகிற முடி ஒன்றே ஒன்றுதான். இன்று காலை முடிவு வந்தது. நம்பர் பட்டியலை எட்டிப் பார்த்த சலூன்காரர் வாசலிலேயே நின்று, "பாட்டிம்மா, உங்க மாப்ளதான் ஃபர்ஸ்ட்டு!" என்று கூவினார். எதிலும் இரண்டாம் இடத்தில் நிற்காத மாப்பிள்ளை கிடைத்ததற்குப் பெருமைப்படுகிறேன். இரண்டாவதாக வந்தவர் உங்களுக்கு வெகு தூரம் பின்னால் இருக்கிறார்.

உங்கள் மகள்தான் பெருமைப்படவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இத நான் எப்படிப் படிப்பேன் பாட்டி? படிச்சா அப்பா வேலைக்கு ஆபத்து. படிக்கலேன்னா மேஸ்திரி பொண்ணு..." என்றாள். சின்னப் பிள்ளையில் நீங்கள் திட்டினால் உதட்டைக் கடிப்பாளே, அப்படிக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "கூட்டத்துல என்னால வாய் தெறக்க முடியாது" என்று காகிதங்களை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஆகவே மாப்பிள்ளை, நான் மெனக்கெட வேண்டிய அவசியமே இல்லாமல் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். உங்கள் மகள் இன்று கூட்டத்தில் ஒரு வரி படிக்க மாட்டாள். இது மாமியாரின் வாக்கு. ஓடைக்கரையில் இருபக்கமும் மரத்தை விட்டுவைக்கலாம், ஈரம் காய்ந்த மாதங்களில் மட்டும் வண்டி ஏற்றலாம் என்று அவள் எழுதியிருப்பதெல்லாம் காகிதத்தோடு போகட்டும். நீங்கள் நிம்மதியாக இருங்கள். டாக்டரைப் பாருங்கள். பெரிய மீனை விட்டால் சில மாதத்தில் தானாகவே இறங்கிவிடும் என்கிறாள். எப்போதும்போல எல்லா நலனும் பெருகி, தலைமுடி ஒன்றுகூடக் கொட்டாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் சொல்லைத் தட்டாத மாமியார்.

பின்குறிப்பு: கடிதத்தைப் பெட்டியில் போடுவதற்குள் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, அதனால் முடிந்த பிறகு இதை எழுதுகிறேன். கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. உங்கள் மகள் வாய் திறக்கவில்லை. நான்தான் படித்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வந்தது. படித்தவர்கள் மாதிரி வேகமாகப் போகாததால் கடைசி வரிசை வரைக்கும் எல்லோருக்கும் புரிந்துவிட்டதாம். அறிக்கையில் உங்கள் பெயர் இல்லை, நானும் சொல்லவில்லை. முதலிடம் யார் என்று கேட்டவர்களுக்குச் சலூன்காரர் தன் தலைமுடியைத் தொட்டு இருமிக் காட்டினார். ஓடையோரம் மரத்தை விட்டு, மழையில் வண்டி ஏற்றாமல், பள்ளத்தை மூடி மறைக்காமல் வெட்டுவதானால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று முடிவானது. அதற்கு யார் யார் கை தூக்கினார்கள் என்று எழுதி, புருஷன் பெண்டாட்டி நடுவில் கலகம் மூட்டுகிறவள் நான் இல்லை. என் மகளுக்குத் தோள்பட்டை வலி, இரண்டு நாள் வேலை சொல்லாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ரொம்ப நேரம் தூக்கியபடியே நின்றாள்.