ஏழு லட்சணமும் பொருந்திய மெயில்

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
மிதுனம் 30, செவ்வாய்க்கிழமை

கல்பாத்தியில் இருக்கும் அத்திம்பேர் லக்ஷ்மிநாராயணன் அவர்களுக்கு மச்சினன் வெங்கிடராமன் நமஸ்காரம் பண்ணி எழுதிக்கொண்டது. தங்கள் முழங்கால் வலியும் பாக்கியலக்ஷ்மி அக்காவின் சர்க்கரையும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் கமலாக்ஷியும் குழந்தை தன்யாவும் பகவான் கிருபையில் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து தன்யா என்னோடு பேசவில்லை. பேசாத பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு க்ஷேமம் என்று எப்படி எழுதுவது?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதாசு என்று கேட்பீர்கள். மெயிலையும் வாட்ஸ்ஆப்பையும் நான் நம்புவதில்லை. என் குரலிலேயே பேசி உங்களை ஏமாற்ற முடியுமாம், அப்படியெல்லாம் மிஷின் வந்துவிட்டது. இது என் கையெழுத்துதான் என்பதில் சந்தேகம் வந்தால் ஒரு அடையாளம் சொல்கிறேன். உங்கள் கல்யாணத்தில் நான் பொரி இடும்போது என் மூக்குக் கண்ணாடியும் சேர்ந்து ஹோமத்தில் விழுந்தது. பண்ணிவைத்த சாஸ்திரிகள் போய்விட்டார், எனவே இது தெரிந்தவர்கள் இப்போது நாம் மூன்று பேர்தான். கடிதாசைத் தபாலில் போடவில்லை. நாளை எங்கள் மிளகுக் கிடங்கு லாரி பாலக்காடு வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகிறது, டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளவும். தன்யாவுக்குப் பேசத்தான் தமிழ், வாசிப்பதெல்லாம் மலையாளம், அதனால் அவள் கண்ணெதிரிலேயே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தைரியமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். தன்யா தேவரா காலேஜில் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. முடித்தது உங்களுக்குத் தெரியும். போன மாதம் ஏலூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் லாப் வேலைக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்தாள். இரண்டு வாரம் முன்னால் வேலை கிடைத்துவிட்டதென்று ஒரு மெயில் வந்தது. வரும் திங்கட்கிழமை, ஜூலை இருபது, காலை எட்டரை மணிக்கு வந்து சேரச் சொல்லியிருந்தது. அவள் துள்ளிக் குதித்தாள், கமலாக்ஷி பால் பாயசம் வைத்தாள், நான் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த மெயிலை வாசித்தேன். முப்பத்தொரு வருஷமாக மிளகு மூட்டையில் இரும்புக் குழலைக் குத்தி மாதிரி எடுத்து, அதில் எது மிளகு, எது பப்பாளி விதை என்று பிரித்துப் போட்ட கண் இது. அதற்குமேல் வைகாசியில் எங்கள் கிடங்கில் ஒரு கிளாஸ் வேறு நடந்தது. எங்கள் குமாஸ்தா ரமேஷ்பாபு ஏதோ பரிசு விழுந்திருக்கிறதென்று வந்த மெயிலை அமுக்கி, மூன்று நாள் ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிட்டன. முதலாளி எறணாகுளத்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்து எங்களுக்குப் பாடம் நடத்த வைத்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். திருட்டு மெயிலுக்கு லட்சணம் ஏழு என்று அந்தப் பெண் சொல்லித் தந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடாது, அவசரப்படுத்தும், பயமுறுத்தும், கம்பெனி பெயர் ஒன்றும் அனுப்பின விலாசம் வேறொன்றுமாக இருக்கும், ஆதாரும் போட்டோவும் கேட்கும், எதையாவது அமுக்கச் சொல்லும், அடியில் ஆள் பெயர் இருக்காது. இதில் இரண்டு இருந்தாலே கையை எடுத்துவிட வேண்டுமாம்.

தன்யாவுக்கு வந்த மெயிலில் ஏழும் இருந்தது, அத்திம்பேர்! அன்புள்ள விண்ணப்பதாரரே என்று ஆரம்பம். பெற்ற பெண்ணுக்குப் பெயர் வைத்து, ஆயுஷ்ஹோமம் பண்ணி வளர்த்திருக்கிறோம், இவன் யார் விண்ணப்பதாரரே என்று கூப்பிட? நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வேலை ரத்து என்று மிரட்டல். கம்பெனி ஏலூரில், மெயில் வந்ததோ பெங்களூரில் ஆள் எடுத்துக் கொடுக்கிற வேறு ஏதோ கம்பெனி பெயரில். ஆதார், போட்டோ, மார்க் லிஸ்ட் எல்லாம் அனுப்பு, இங்கே அமுக்கு, இது தானாக வந்த மெயில், பதில் போடாதே. பதில் போடாதே என்று சொல்கிறவனிடம் எப்படிப் போய் வேலை பார்ப்பது? எட்டாவது லட்சணம் ஒன்றை நானே கண்டுபிடித்தேன், அது அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. மெயில் வந்தது செவ்வாய்க்கிழமை மூன்று நாற்பதுக்கு, நல்ல ராகுகாலம். வந்து சேரச் சொன்னது திங்கட்கிழமை எட்டரைக்கு, அதுவும் ராகுகாலம். போதாததற்கு அன்றைக்கு ஆடி பிறந்து கர்க்கடகம் நாலு. கர்க்கடகத்தில் எவனாவது புதுசாக ஆளை வேலைக்கு வைப்பானா? இத்தனை பெரிய கம்பெனியில் பஞ்சாங்கம் தெரிந்த ஒருத்தர்கூடவா இருக்க மாட்டார்? இதைச் சொன்னால் தன்யா, எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் எழுதும், கிடங்கில் உங்கள் முதலாளி அனுப்புகிற மெயிலைப் பாருங்கள் என்றாள். பார்த்தேன். அவர் எனக்கு எழுதுவதில் பெயர் கிடையாது, நமஸ்காரம் கிடையாது, உடனே பண்ணு இல்லாவிட்டால் நடவடிக்கை என்று ஒரே வரி. முதலாளியுடைய மூன்று மெயிலை ஜாக்கிரதைக்காக அழித்துவிட்டேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் போனிலும் அந்தப் பெங்களூர்க்காரர்களை மோசடி என்று போட்டு அடைத்துவிட்டேன்.

அப்பா என்று ஒருத்தன் இதற்குமேல் என்ன பண்ண முடியும் என்று தோன்றும். ஆனால் எனக்கு மனசு அடங்கவில்லை. இருப்பது ஒரே பெண். அவள் எங்கேயோ ஒரு இடத்தில் ஏமாந்து நின்றால் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது, அதுதான் நிஜம், கமலாக்ஷியிடம்கூட இதைச் சொல்லவில்லை. மெயிலுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது, அதற்கு என் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தது ஒரு பெண். உங்கள் பெயர் என்ன என்று கேட்டாள். பெயரைக் கொடுத்தால் அதை வைத்தே திருடுவார்களே, சொல்வேனா? கேள்வி கேட்பது நான் என்று சொல்லிவிட்டு, ஏலூர்க் கம்பெனி கேட்டுக்கு என்ன பெயின்ட், கான்டீனில் சாயாவா காபியா, களமசேரியிலிருந்து வருகிற பஸ் கம்பெனியைத் தாண்டி நிற்குமா முன்னாலேயே நிற்குமா என்று வரிசையாகக் கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. தான் ஏலூரைப் பார்த்ததே இல்லையாம்! இரண்டாம் தடவை கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை கிடங்கில் லீவு சொல்லி, தன்யாவின் சர்டிபிகேட் நகல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, வாட்டர் மெட்ரோ பிடித்து அக்கரை போய், இரண்டு பஸ் மாறி ஏலூருக்கே போய்விட்டேன். இறங்கினதும் மூக்கு எரிந்தது, அந்த மட்டுக்குக் கம்பெனி நிஜம். கேட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. எங்கள் பெயரில் வேலை தருவதாக வரும் பொய் மெயில்களை நம்பாதீர்கள் என்று மூன்று பாஷையில் எழுதிவைத்திருக்கிறார்கள். பார்த்தேளா! எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. காவலுக்கு நின்றவர் சங்கிலிப்பாண்டி என்று சாத்தூர்ப் பக்கத்து ஆள், தமிழ் கேட்டதும் கொஞ்சம் இளகினார். ஆனாலும் ரிஜிஸ்தரில் பெயர் எழுதாமல் பேச மாட்டேன் என்றார். கண்ட இடத்தில் நம் பெயரை எழுதலாமா? ரமேஷ்பாபு என்று எழுதினேன். போட்டோ எடுக்க வேண்டும் என்றார், எடுத்துக்கொள் என்று நின்றேன். தன்யாவின் சர்டிபிகேட்டைக் காட்டி, இந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே இங்கே வேலை போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். நீங்க யாரு அந்தப் பிள்ளைக்கு என்றார். அது உமக்கு எதற்கு என்றேன். அவர் உள்ளே போன் போட்டு ரொம்ப நேரம் பேசிவிட்டு, எதுவானாலும் மெயில் போடச் சொல்றாங்க ஐயா என்று ஒரு விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

எதிர்த்த சாயாக்கடையில் உட்கார்ந்து அங்கேயே மெயில் போட்டேன். நான் மட்டும் கம்ப்யூட்டர் தெரியாதவனா? என் சொந்த மெயிலின் ரகசிய வார்த்தை மறந்துபோனதால் கிடங்கு மெயிலிலிருந்தே அனுப்பினேன். வாங்குபவர் ஆணா பெண்ணா தெரியாததால் பொதுவாக ஐயா அல்லது அம்மா என்று ஆரம்பித்தேன். தன்யாவுக்கு வந்த மெயிலில் அமுக்கச் சொன்ன இடத்தை அப்படியே ஒட்டி, இதை உடனே அமுக்கிப் பார்க்கவும் என்று எழுதினேன். பதில் எழுதுபவர் அசல் அதிகாரிதானா என்று தெரிய வேண்டாமா, அதனால் அவருடைய ஆதார் நகலும் போட்டோவும் கேட்டேன். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் சைபர் போலீசுக்குப் போவேன் என்று கொஞ்சம் கறாராகவே முடித்து, ஒரு நலன்விரும்பி என்று கையெழுத்துப் போட்டேன். நாலு நாளாகிறது, பதில் இல்லை. மடியில் கனம் இல்லாதவன் என்றால் பதில் போட்டிருப்பான்.

இதையெல்லாம் அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னேன். கமலாக்ஷி எனக்குப் பரிமாற வந்த ரசத்தைத் திருப்பி அடுக்களைக்கே கொண்டுபோனாள். தன்யா எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போனாள். அதோடு பேச்சு நின்றது. திங்கட்கிழமைக்குப் புடவையும் எடுத்து வைத்திருக்கிறாள், நான் என்ன சொன்னாலும் போவாள் போலிருக்கிறது. இந்த உலகத்தில் அவள் கேட்கிற ஒரே பெரியவர் நீங்கள்தான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி, அந்த இல்லாத வேலைக்குப் போகாமல் அவளைத் தடுக்க வேண்டும். உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். அவளை மருந்தை மறக்காமல் சாப்பிடச் சொல்லவும். உங்கள் இருவர் ஆசீர்வாதமும் எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
விதேயன்,
வெங்கிடராமன்

பி.கு. புதன்கிழமை காலை. லாரி கிளம்ப இன்னும் அரை மணி இருக்கிறது. மேலே எழுதினதை வாசித்திருந்தால் மறந்துவிடவும். தன்யாவுக்குக் கம்பெனியிலிருந்தே ஒரு மெயில் வந்து, அவளே என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அதில் அவள் முழுப்பெயர் இருந்தது, அடியில் அதிகாரி பெயர் இருந்தது, அவசரம் இல்லை, மிரட்டல் இல்லை, எதையும் அமுக்கச் சொல்லவில்லை. ஏழு விதியாலும் உரசிப் பார்த்துவிட்டேன், அசல். பெங்களூர் மெயிலும் அசல்தானாம், அது வந்த அன்றைக்குச் சாயந்திரமே அவள் கமலாக்ஷியின் போனிலிருந்து சம்மதம் அனுப்பிவிட்டாளாம். இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை.

கம்பெனியிலிருந்து நேற்று அவளுக்குப் போன் வந்ததாம். ரமேஷ்பாபு என்று ஒரு ஆள் உங்கள் சர்டிபிகேட்டோடு கேட்டில் வந்து நின்றான், மிளகுக் கடை மெயிலிலிருந்து எங்கள் அதிகாரிகளின் ஆதார் கேட்கிறான், போலீஸ் என்று மிரட்டுகிறான், போட்டோ அனுப்பியிருக்கிறோம், இவனைத் தெரியுமா என்று கேட்டார்களாம். பெண் போட்டோவைப் பார்த்துவிட்டு, கண் கொட்டாமல், தெரியாது மேடம், ஜெராக்ஸ் கடையில் யாரோ நகலை எடுத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டாள். கமலாக்ஷி பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், அவளும் வாயைத் திறக்கவில்லை. தன்யாவின் ஜாக்கிரதையை மெச்சித்தான் இன்றைக்கு அந்த மெயில். கூடவே என் மெயிலையும் மாதிரிக்கு வைத்து, திருட்டு மெயில் எப்படி இருக்கும் என்று கம்பெனியில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஏழு லட்சணத்துக்கும் பக்கத்தில் சிவப்பு வட்டம். சத்தியமாகச் சொல்கிறேன் அத்திம்பேர், எனக்கு அது வந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். கிடங்குக்கும் புகார் வந்திருக்கிறது, நாளைக்கு எங்களுக்கு மறுபடியும் கிளாஸ். முதலாளி ரமேஷ்பாபுவைத்தான் சந்தேகப்படுகிறார், அவனிடம் உண்மையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏலூர் கேட்டில் என் போட்டோவை ஒட்டியிருக்கிறார்களாம். அதனால் தயவுசெய்து நீங்கள் ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வந்து, திங்கட்கிழமை அவளைக் கம்பெனியில் கொண்டுபோய் விட வேண்டும். நான் பஸ் ஸ்டாப்போடு நின்றுகொள்கிறேன். எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். பெற்ற அப்பனைத் தெரியாதென்று எப்படிடீ சொன்னே என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அப்போதுதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தெரியும்னு சொல்லியிருந்தா ஜோலி போயிருக்கும்பா. ஆறு மாசம் ப்ரொபேஷன். அது முடியட்டும், நீங்கதான் என் அப்பான்னு நானே போய்ச் சொல்லிக்கறேன்” என்றாள்.

ஜனவரி இருபது வரைக்கும் அவளுக்கு நான் யாரோதான், அதுவரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.