சத்தம் போடாத ஃபேனும் டவுட்டு பாயும்

கரிக்கலாம்பாக்கத்தில் சந்தேகம் என்ற ஒன்றே டவுட்டு பாய் பிறந்த பிறகுதான் வந்தது என்பேன். பஸ் ஸ்டாப் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஆதார் நகல் எடுக்கப் போனால் அட்டையையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீதானா?" என்பார். நான் பக்கத்துக் கடைக்காரன், தினமும் அவரோடு டீ குடிப்பவன். எனக்கும் அதே கேள்விதான்.

செல்போனில் வீட்டு விஷயம் பேசவே மாட்டார். "எவனோ கேட்டுக்குனு இருக்கான்பா." பிரான்சில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் சபீனாவோடு பேசுவது கடையின் பழைய கம்ப்யூட்டரில்தான். காமிரா கிடையாது, வெறும் பேச்சு. அதை அவரே பிரித்துப் பார்த்திருக்கிறாராம், உள்ளே யாரும் இல்லையாம்!

ஆனால் அது போட்ட சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! பிராசசரைக் குளிர வைக்கும் ஃபேன் தேய்ந்துபோய் நெல் அறுக்கும் மெஷின் மாதிரி கத்தியது. சபீனா பேசுவது பாதி காதில் விழாது. "கடையில கூட்டமா அத்தா? அப்புறம் பேசறேன்" என்று அப்பாவிடம் சொல்லி வைத்துவிடுவாள்.

"நல்லா இருக்கேன்னுதான் சொல்றா. எனக்கு என்னமோ டவுட்டா இருக்குபா" என்று புலம்புவார்.

"உனக்கு எதுலதான் டவுட்டு இல்ல பாய்? புது கம்ப்யூட்டரே வாங்கிடேன்."

"புதுசுல எவன் உள்ள இருக்கானோ!"

கடைசியில் பிராசசருக்குச் சத்தமில்லாத கூலர் ஃபேன் வாங்க, கம்ப்யூட்டரையும் என்னையும் சேர்த்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாண்டிக்குப் போனார்.

"உங்க போர்டு பழசு பாய். புது மாடலுங்க கிளிப்பு இதுல உக்காராது. இது ஒண்ணுதான் சேரும். ஃபேன் பெருசு, சத்தம் வராது" என்றார் கடைக்காரர்.

"பெருசா இருந்தா சத்தம் கம்மியா? பெரிய வாய் உள்ளவன் இன்னா கம்மியாவா பேசறான்?"

"சின்ன ஃபேனு அதே காத்த தள்ள வேகமா சுத்தணும், அதான் கத்துது. இது மெதுவா சுத்தினாலே போதும்."

பாய் சட்டைப்பையிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை எடுத்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் மூடி மூடுமா என்று பார்க்க உள் உயரத்தை ஊரிலேயே அளந்து ஒடித்து வந்திருக்கிறார். அளவு சரியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பிராசசர் மேல் தடவும் பசையையும் விடவில்லை, முகர்ந்து பார்த்தார்.

ஊருக்கு வந்து சுவிட்சைப் போட்டோம். சத்தமே இல்லை. பாய் முகம் இருண்டுவிட்டது.

"ஊமை ஊரைக் கெடுக்கும்பா. இது ஓடுதா, நடிக்குதா?"

ஊதுபத்தி கொளுத்திப் பக்கத்தில் காட்டினார். புகை விறுவிறுவென்று உள்ளே போனது. அப்போதும் மூடியை மூடாமல் காவல் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் சபீனா கூப்பிட்டாள். "நல்லா இருக்கேன் அத்தா."

பாய் என்னை அசையாதே என்று கைகாட்டினார். ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"மூக்க உறிஞ்சற. அழுதியா?"

"இல்லத்தா, சளி."

"பொய் சொல்லாதடி. இப்பல்லாம் எனக்கு எல்லாம் கேக்குது."

அந்தப் பெண் உடைந்து அழுதாள். "என்னால இங்க இருக்க முடியலத்தா."

ஐயோ, இனி இந்த மனுஷன் கேள்வி மேல் கேள்வி கேட்டு அவளைக் கொல்லப்போகிறாரே என்று பயந்தேன்.

"கெளம்பி வா கண்ணு. உன் வூடு இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். ஏன், எதற்கு, யார் மேல் தப்பு, ஒன்றுமே கேட்கவில்லை. அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.