ஜன்னலை மணந்த பாதிரியார்

இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைத் திறந்ததும் கிளெமென்டுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"வின்னி அக்கா! இங்க வா! இப்பவே வா!"

இங்கிலாந்தின் லட்லோ ஊரில் பழைய புத்தகக் கடை வைத்து நாற்பது வருஷத்தில் அவர் கையில் சிக்கிய ஒரே முதல் அச்சு அது. விக்டோரியா ராணி காலத்து நாவல். அதற்கு அடையாளமே ஓர் அச்சுப்பிழைதான். பாதிரியார் ஒரு விதவையை மணக்க வேண்டிய இடத்தில், ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து கூடிப்போய், 'விடோ' 'விண்டோ'வாகி, ஜன்னலை மணந்துவிடுவார். அடுத்த அச்சில் திருத்திவிட்டார்கள். ஆக, ஜன்னல் இருந்தால் பொக்கிஷம். விதவை இருந்தால் வெறும் பழைய புத்தகம். பைத்தியக்காரத் தொழில்தான், யார் இல்லையென்றார்கள்?

காலையில்தான் வாடிக்கையாளர் திருமதி பாரோ போனில் பேசியிருந்தார். "அந்த இருநூத்திப் பதினோராம் பக்கத்தைப் பாக்கணும் தம்பி. பதினொரு மணிக்கு வந்துடறேன்."

தலைப்புப் பக்கத்து வருஷத்தை மட்டும் நம்பி விற்பனைப் பட்டியல் அனுப்பியவர், இப்போதுதான் அந்தப் பக்கத்தைத் திறந்தால், எவரோ பேனாவால் அந்த அதிகப்படி எழுத்தை அடித்திருக்கிறார்கள்!

கிளெமென்டின் அக்கா வினிஃப்ரெட் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சந்தேகம் வேறு யார் மேல் விழும்?

"உன் கை சும்மாவே இருக்காதா?"

"நான் தொடலைடா. நான் சிவப்பு மையிலதான் திருத்துவேன். இது பழுப்பு."

"மாமா செத்ததுக்கு வந்த அனுதாபக் கார்டையே திருத்தித் திருப்பி அனுப்பினவதானே நீ!"

"அதுல மூணு தப்பு இருந்துச்சு."

கிளெமென்ட் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார். தாளில் அழுக்கெடுக்க ரொட்டித் துணுக்கால் தேய்ப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். காலைத் தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்து, ஆத்திரம் தீரத் தேய்த்தார்.

"அதுல வெண்ணெய்..." என்றார் அக்கா.

"இப்பத்தான் சொல்லுவியா?"

பக்கத்தில் எண்ணெய்த் திட்டு படர்ந்தது. மைக்கோடு அசையவில்லை. பிளேடை எடுத்துச் சுரண்டினார். கோடு போயிற்று, கூடவே எழுத்தும் போயிற்று. பாதிரியார் இப்போது முறைப்படி விதவையையே மணந்திருந்தார், நடுவில் ஒரு சின்ன ஓட்டையோடு.

"விடுடா. சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கறதுதான் தப்பு!" என்று கத்திய கிளெமென்ட், ஓட்டையின் பின்பக்கம் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, போன எழுத்தைத் தானே எழுதினார். வெண்ணெய் தின்ற தாளில் மை ஊறிப் பரவி, எழுத்து கரப்பான்பூச்சி அளவுக்கு ஊதியது.

வாசல் மணி அடித்தது.

திருமதி பாரோ தொப்பியைக்கூடக் கழற்றாமல், பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். கிளெமென்டால் தாங்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்லிடறேம்மா. இது முதல் அச்சுதான், சத்தியமா! எவனோ ஒரு முட்டாள் அந்த எழுத்தைப் பேனாவால அடிச்சு வெச்சிருந்தான். அவன் மட்டும் என் கையில கிடைச்சா கழுத்தைத் திருகிடுவேன்! அந்தக் கோட்டைத்தான் சுரண்டினேன்."

"முதல் அச்சு எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கு, ஜன்னலோட" என்றார் அவர். "இது, அந்தப் பிழையைத் தன் கையாலயே அடிச்சுத் திருத்தி, எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஒருத்தர் அன்பளிப்பா கொடுத்த பிரதி. நீங்க அனுப்பின பட்டியல்ல, அட்டைக்குள்ள தாத்தா பேர்ச் சீட்டு ஒட்டியிருக்கற படத்தைப் பாத்துட்டுத்தான் போன் பண்ணேன்."

கிளெமென்ட் பிளேடை மெல்ல மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"அந்த முட்டாள்தான் தம்பி, இந்த நாவலை எழுதினவர்."