விசில் அண்ணாச்சியின் மூன்றாவது ஊசி

திருவனந்தபுரத்தில் விசில் அண்ணாச்சியின் பேச்சுக்குக் கட்டுப்படாதவை இரண்டே இரண்டுதான். அவருடைய வலது முழங்கால், இடது முழங்கால்.

ஐம்பத்துநாலில் கிழக்கேகோட்டைப் பக்கத்து லாட்ஜில் அவர் எனக்கு அடுத்த அறை. நாஞ்சில் நாட்டுக்காரர், பிரம்மச்சாரி. ஆபீசில் பிள்ளை, லாட்ஜில் விசில் அண்ணாச்சி. பகலில் கிளார்க், சாயங்காலம் கால்பந்து ரெஃபரி. விசில் கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை. மெஸ்ஸில் ஒருவன் அடுத்தவன் இலை அப்பளத்தை எடுத்தால் விசில். ஆபீசில் சூப்பிரண்ட் கெட்ட வார்த்தை சொன்னால் விசில். சூப்பிரண்ட் திடுக்கிட்டு மன்னிப்பே கேட்டிருக்கிறார்.

அந்த வருஷம் முழங்கால் முட்டு தேய்ந்துபோயிற்று. பந்து வடக்குக் கோலுக்குப் போனபோது இவர் தெற்கே நின்றபடி தீர்ப்புச் சொன்னார். ஜனங்கள் ஊளையிட்டார்கள். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூட்டுக்குள்ளேயே போடும் புது ஊசி சீமையிலிருந்து வந்திருந்த சமயம். ஊசியின் நீளத்தைப் பார்த்து அண்ணாச்சி வெளிறிவிட்டார்.

"டாக்டரே, இது எனக்கா, கோயில் ஆனைக்கா?"

"ஆடாம அனங்காம இரிக்கணும், பிள்ளே. கொஞ்சம் வேதனை காணும்."

ஊசி இறங்கியதும் கட்டிடம் அதிர விசில். தெருவில் போன மாட்டுவண்டி நின்றுவிட்டது.

"ரெண்டு நாள் ஓடப்படாது, கேட்டோ?" என்றார் டாக்டர், காதைத் தேய்த்தபடி.

மறுநாள் சாயங்காலமே வலி போயிருந்தது. அண்ணாச்சி மைதானத்தில் கன்றுக்குட்டியாகத் துள்ளினார். டாக்டரோ பந்தாட்டப் பைத்தியம். அன்று அவரும் வந்திருந்தார். பார்த்ததும் பதறி உள்ளே ஓடினார்.

"பிள்ளே! ஞான் எந்தா சொன்னது? வெளியே வாரும்!"

விசில். அண்ணாச்சி கையை நீட்டி எல்லைக்கோட்டைக் காட்டினார்.

"ஆட்டம் நடக்கும்போ ஆள் உள்ள வரப்படாது. நீங்கதான் வெளிய போகணும், டாக்டரே."

மைதானமே கைதட்ட, டாக்டர் தலைகுனிந்து வெளியேறினார்.

இரண்டு மாதத்தில் வலி திரும்பியது. இரண்டாவது ஊசி ஒரு மாதம்தான் தாங்கியது. "இனி ஒண்ணு மட்டும் போடலாம். அதுக்கப்புறம் கேக்கப்படாது. கூடுதல் போட்டா முட்டுக்குத்தான் கேடு" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மார்கழிப் போட்டியின் ஃபைனலை ரெஃபரியாக நடத்தித்தரச் சொல்லி அண்ணாச்சிக்குக் கடிதம் வந்தது. இருபது வருஷமாக ஏங்கியது. மூன்றாவது ஊசியை அதற்கென்று ஒதுக்கிவைத்தார். அதுவரை கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். பெண் வீடு பூதப்பாண்டிப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வரப்பில் ஒரு மைல் நடக்க வேண்டும். "நீங்க சிரமப்படாதீங்க அண்ணாச்சி" என்று சொல்லித்தான் பத்திரிகை கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் பந்தலுக்குள் நுழைந்தார். கையில் கம்பு இல்லை. வேட்டியில் முழங்கால் வரை சேறு.

"அண்ணாச்சி! ஊசி போட்டாச்சா? அத ஃபைனலுக்குல்லா வச்சிருந்தீங்க?"

"ஃபைனல் அடுத்த வருஷமும் வரும். ஒனக்குக் கல்யாணம் ஒரு தடவதானேடே."

மார்கழியில் ஊசியின் தயவு தீர்ந்திருந்தது. வேறொருவர் ஃபைனலை நடத்த, அண்ணாச்சி கயிற்றுக்கு வெளியே நின்று, "ஆஃப்சைடு வேய்! கண்ணு தெரியல்லியா?" என்று கத்தித் தீர்த்தார். அடுத்த வருஷம் அவரை யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் கல்யாணப் போட்டோவில் பெரியவர்கள் எல்லோரும் நாற்காலியில் இருக்கிறார்கள். எத்தனை சொல்லியும் உட்காராமல், என் தோளை ஒட்டி நிமிர்ந்து நிற்கிறார் அவர்.