சனிக்கிழமை பேட்ச்

"ஏனுங்க, உங்களுக்குத் துணை யாரும் வரலீங்களா?" என்று வகுப்பெடுக்கும் நிலோஃபர் மேடம் கேட்டபோது, எழில் ஒரு காலி நாற்காலியின் முதுகைப் பாசத்தோடு நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.

"சம்சாரம் அம்மா ஊட்டுக்குப் போயிருச்சுங்க மேடம். அன்னூர்ல இருக்குது."

"அது சரிங்க. துணைக்கு ஒருத்தர் வேணுமல்லங்க? இதெல்லாம் தனியாச் செய்ய முடியாதுங்க."

பிரசவத்துக்குத் தயாராகிற வகுப்பு அது. ஆஸ்பத்திரி மாடியில் சனிக்கிழமைதோறும் நடந்தது. வந்தவர்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்களில் கர்ப்பிணி என்று ஒருத்தர்கூட இல்லை. ஒருவர் அண்ணனோடு வந்திருந்தார், ஒருவர் மச்சானோடு, இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரரோடு. எழிலுக்கு இதில் விநோதமாக எதுவும் படவில்லை. கட்டுச்சோறு விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது நம் பக்கத்து வழக்கம். எல்லா வீட்டிலும் சோறு கட்டிக்கொண்டு வந்து பெண்ணைக் கூட்டிப் போயிருப்பார்கள், பாவம், புருஷன்மார் கிடைத்த ஆளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தனக்குள் முடிவுகட்டிக்கொண்டான்.

எழிலுக்குக் காந்திபுரத்தில் வேலை. அப்துல் நாசர் பாயின் வீட்டு உபயோகப் பொருள் கடையில் கிரைண்டர் டெமோ காட்டுவான். உளுந்து பொங்கி வருகிற வரைக்கும் விடாமல் பேசி, வந்தவரை வாங்க வைத்துவிடுவான். "கொஞ்சம் கொறைச்சுக் குடுங்களேன்" என்று யாராவது கேட்டால், மலர்ந்த முகத்தோடு "பார்க்கலாமுங்க" என்பான். கோயமுத்தூரில் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வது மரியாதை கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் 'பார்க்கலாமுங்க' இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு எழில் இதுவரை யாருக்கும் ஒரு ரூபாய் குறைத்ததில்லை.

அவன் இந்த வகுப்பில் சேர்ந்ததே ஒரு கூத்து. போன மாதம் மனைவி பொற்கொடிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசி இறங்கியது பொற்கொடியின் கையில். தரையில் விழுந்தது எழில். கண் விழித்தபோது ஒரு பெஞ்சில் கிடந்தான். பொற்கொடி ஒரு கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, மறு கையால் சேலைத் தலைப்பால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இல்மா என்ற நர்ஸ் எலுமிச்சை ஜூஸோடு நின்றிருந்தாள்.

"உங்க பேரைச் சனிக்கிழமை வகுப்புல சேர்த்தியாச்சுங்க சார்," என்றாள் இல்மா.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகும்போது பொற்கொடி மெதுவாகச் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க மாமா."

எழில் அப்படியே நின்றுவிட்டான். தோட்டத்துச் சாலையில் சாரைப்பாம்பைக் குச்சியால் தள்ளிவிட்டு நடப்பவள் அவள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை.

"நான் இருக்கறேன் கண்ணு. உள்ளயே வந்து உன்ற கையைப் புடிச்சுக்கறேன். வகுப்பு முடிச்சா உள்ள விடுவாங்கல்ல?"

"பார்க்கலாமுங்க," என்றாள் பொற்கொடி.

அவன் அதை நம்பினான். நாள் முழுக்கத் தானே சொல்கிற வார்த்தைதான். அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

முதல் வகுப்பு முடிந்த கையோடு அன்னூருக்குப் போன் போட்டான். மாமியார் பாவாத்தாள் எடுத்தாள்.

"அத்தை, சனிக்கிழமை மட்டும் பொற்கொடியை அனுப்பிச்சு வைங்க. பிரசவத்துக்கு கிளாஸ் நடக்குதுங்க. ஜோடியா வரணுமாம்."

"அதென்னங்க மாப்பளே, புள்ளை பெக்கறதுக்குமா டியூசன்? எங்க மாடு கன்னு போட்டுதே, அது எந்த கிளாசுக்குப் போச்சுங்க?"

"இது வேறீங்க அத்தை..."

"கட்டுச்சோறு கட்டிக் கூட்டிட்டு வந்த புள்ளையை மறுவாரமே பஸ்ஸேத்தி அனுப்புனா ஊரு என்ன பேசுமுங்க? செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு நானே கூட்டிட்டு வாரேன். அது போதுமுங்க."

ஆள் வராவிட்டால் என்ன, போன் இருக்கிறதே என்று எழில் யோசித்தான். புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடைக் குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பொற்கொடிக்குப் பாடம் எடுத்தான்.

"மூக்குல இழு கண்ணு... நாலு எண்ணு... இப்ப வாயில உடு. ஹூஊஊ..."

"ஹூஊஊ," என்றாள் பொற்கொடி. "நீங்க தோளைத் தூக்கறீங்க போல மாமா. சத்தமே சரியில்லை. வயித்துல இருந்து வரோணும்."

என்ன கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னதுமே பிடித்துக்கொண்டாளே என்று எழில் பூரித்துப் போனான். இன்னும் உரக்க மூச்சு விட்டான்.

குடோன் கதவு படாரென்று திறந்தது. அப்துல் நாசர் பாய் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"என்னப்பா எழில், வீசிங்கா? சொல்ல வேண்டாமா? இத்தனை நாள் கிரைண்டர் ஈரத்துல உன்னை நிக்க வெச்சுட்டேனே!"

உண்மையைச் சொன்னால் கடையே சிரிக்கும். எழில் வீசிங் என்று ஒப்புக்கொண்டான். அன்று சாயங்காலத்துக்குள் அவனைக் கிரைண்டர் பக்கத்திலிருந்து இஸ்திரிப்பெட்டி மூலைக்கு மாற்றிவிட்டார் பாய். அந்த மூலைக்கு யாரும் வழி தவறித்தான் வருவார்கள். போதாததற்கு, கடைக்கு வருபவர்களிடமெல்லாம் "தம்பிக்கு நெஞ்சு கொஞ்சம் வீக்குங்க" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்னூரில் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது; பாய் சொன்னது அங்கேயும் கேட்டுவிட்டது. அடுத்த சனிக்கிழமை காலையில் மாமனார் காளிச்சாமி ஒரு தூக்குப்போசியில் நாட்டுக்கோழி ரசமும், கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வாசலில் நின்றார்.

"மாப்பளே, உங்களுக்கு இழுப்புன்னு உங்க அத்தை ராத்திரி தூங்கவே இல்லீங்க. ரசத்தை ஊத்திக் குடுத்துப்போட்டு, கூடவே இருந்து பார்த்துட்டு வரச் சொன்னாங்க."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கூடவே இருக்கச் சொல்லி வந்தவரை வீட்டில் விட்டுப் போக முடியாது. எழில் ரசத்தை நின்றபடியே குடித்தான்.

"வாங்க மாமா, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"இழுப்புக்குங்களா?"

"மூச்சுக்குங்க," என்றான் எழில். அது பொய்யும் இல்லை.

காளிச்சாமியைப் பார்த்ததும் நிலோஃபர் மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இவரு யாருங்க?"

"மாமனாருங்க. சம்சாரத்தோட அப்பா."

"ரொம்பப் பொருத்தமான ஜோடிங்க! இதைத்தானுங்க நான் எல்லாத்துகிட்டயும் சொல்றது."

காளிச்சாமியை நாற்காலியில் உட்கார வைத்து, எழிலை அவர் பின்னால் நிற்க வைத்தார்.

"ரொம்ப நேரம் ஆகுமுங்க. இடுப்பு புடிச்சுக்கும். கட்டை விரலால மெதுவா அமுத்தி உடுங்க. சத்தம் கேட்டாக் கலங்கக் கூடாது. கையைப் புடிச்சுக்கோணும், மூச்சை நிதானமா விடோணும். தண்ணி குடிக்க மறக்கக் கூடாது. சும்மா சும்மா நர்சைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கக் கூடாதுங்க."

ஒவ்வொன்றையும் பொற்கொடிக்காக எழில் மனசில் பதித்துக்கொண்டான். காளிச்சாமியோ வேறு உலகத்தில் இருந்தார். வாழைத் தோட்டத்தில் குனிந்து குனிந்து இறுகிப்போன இடுப்பு அது. அதை யாரும் இதுவரை அமுத்திவிட்டதில்லை.

"இன்னும் சித்தெ கீழ மாப்பளே... அய்யோ, அங்கதானுங்க!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இது என்ன வகுப்பு, எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமை கூப்பிடாமலே முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதற்கடுத்த வாரமும் வந்தார். பாவாத்தாளிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க மாப்பளே, சனிக்கிழமையானா உங்க மாமன் மூஞ்சிக்குப் பவுடர் போட்டுட்டுக் கெளம்பிடறாரு. வாழை தண்ணியில்லாமக் காயுது. எங்கீங்க போறாரு?"

எழிலுக்குச் சட்டென்று வாயில் வந்தது இதுதான். "மாமாவுக்கு இடுப்பு வலிங்க அத்தை. இங்க வைத்தியம் பார்க்கறமுங்க."

"அடக் கடவுளே! உங்களுக்கு இழுப்பு, அவருக்கு இடுப்பு. ரெண்டு சீக்காளியை நம்பி நான் எப்படிங்க புள்ளையை உடறது? இனி எல்லாம் நானே பார்த்துக்கறேன். நீங்களும் அவளுக்குப் போனைப் போட்டு மூச்சு வாங்காதீங்க. கேக்கறதுக்கே சங்கட்டமா இருக்குது."

மதியப் பாடமும் அதோடு நின்றது. எழிலுக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் துணைக்குப் பொற்கொடி இல்லை, இப்போது போனிலும் இல்லை. கடைசியில் உள்ளே போகிற வாய்ப்பையும் மாமியார் பறித்துக்கொண்டால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது.

கடைசி வகுப்பில் துணியில் சுற்றிய பொம்மை ஒன்றைக் கொடுத்தார்கள். தலையைத் தாங்கி, இரண்டு கையாலும் வாங்க வேண்டும். காளிச்சாமி அதை வாழைத்தாரைப் போலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எழில் மட்டும் பிசகில்லாமல் வாங்கி மேடத்திடம் சபாஷ் பெற்றான். அந்தத் தைரியத்தில் கேட்டும்விட்டான்.

"மேடம், நான் தயாராயிட்டனல்லங்க? உள்ள போலாமல்லங்க?"

நிலோஃபர் மேடம் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு மிகவும் அன்பாக, "பார்க்கலாமுங்க," என்றார்.

எழில் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வழி தவறி வந்த ஒருவரிடம் அவன் இஸ்திரிப்பெட்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது காளிச்சாமியிடமிருந்து போன் வந்தது.

"மாப்பளே, செக்கப்புக்கு வந்த புள்ளையை அப்படியே சேர்த்திக்கிட்டாங்க. வலி வந்துருச்சுங்க!"

எழில் கழுத்தில் கடை அடையாள அட்டையோடு ஓடினான். பிரசவ அறை வாசலில் இல்மா நின்றிருந்தாள்.

"சிஸ்டர், வந்துட்டேனுங்க! எல்லா வகுப்பும் முடிச்சிருக்கேன். உள்ள வரட்டுங்களா?"

"பார்க்கலாமுங்க. சித்தெ உட்காருங்க," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தத் தடவை அந்த வார்த்தையின் அர்த்தம் அவனுக்கு விளங்கிவிட்டது. காளிச்சாமிக்குப் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். கையைப் பிடிப்பதாகச் சொன்னோமே, ஒரு கதவைத் தாண்டிப் போக முடியவில்லையே என்று அழுகை வந்தது. மறைக்காமல் அழுதான்.

உள்ளேயிருந்து பொற்கொடியின் சத்தம் கேட்டது. எழிலுக்குக் கண் இருட்டியது.

"மாப்பளே, மூச்சு!" என்று காளிச்சாமி அவன் கையைப் பிடித்தார். "நாலு எண்ணுங்க."

எண்ணினான். இருட்டு விலகியது. அடுத்த சத்தத்துக்குக் காளிச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்; பெற்ற மகளாயிற்றே. எழில் எழுந்து பின்னால் போய் நின்று, கட்டை விரலால் அவர் இடுப்பை மெதுவாக அமுத்திவிட்டான். இரண்டு பேரும் மறக்காமல் தண்ணீர் குடித்தார்கள். யாரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு புருஷன் மயங்கிச் சரிந்தபோது, அவனைத் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்ததும் எழில்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கதவு திறந்தது. துணியில் சுற்றிய குழந்தையோடு இல்மா வந்தாள்.

"பொண்ணுங்க சார். அம்மாவும் நல்லா இருக்காங்க."

எழில் எழுந்து, தலையைத் தாங்கி, இரண்டு கையாலும் மகளை வாங்கினான். கை துளிகூட நடுங்கவில்லை. குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. அவனுக்கு மறுபடி அழுகை வந்தது, இது வேறு அழுகை.

இல்மாவுக்குப் பின்னாலேயே பச்சை அங்கியும் தொப்பியுமாகப் பாவாத்தாள் வந்தாள். மூக்கால் இழுத்து, வாயால் நீளமாக விட்டாள். தோள் அசையவே இல்லை.

"அத்தை! நீங்களா உள்ள இருந்தீங்க?"

"பின்ன? செவ்வாய்க்கிழமையானா செக்கப்பு முடிச்சு நானும் புள்ளையும் வகுப்புல உட்கார்ந்து படிச்சமல்லங்க," என்றாள் பாவாத்தாள், கொஞ்சம் வெட்கத்தோடு. "மாடு கன்னு போடறது மாதிரி இல்லீங்க மாப்பளே. நெறைய விசயம் இருக்குது."

எழில் குழந்தையோடு இல்மா பக்கம் திரும்பினான்.

"நானும்தானே படிச்சேன் சிஸ்டர்? ஒரு சனிக்கிழமைகூட விடாம வந்தனே, என்னை மட்டும் ஏனுங்க உள்ள விடலை?"

இல்மா காளிச்சாமியைப் பார்த்தாள், எழிலைப் பார்த்தாள். அப்புறம் தணிந்த குரலில் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை பேட்ச் உள்ள வர்றவங்களுக்குங்க, சனிக்கிழமை பேட்ச் வெளிய உட்கார்றவங்களுக்கு, அன்னிக்கு நீங்க மயங்கிக் கெடந்தப்ப உங்க சம்சாரம்தான் சேர்த்திவிட்டாங்க, 'புள்ளையை நான் பெத்துக்குவேன் சிஸ்டர், வெளிய உட்கார்ந்திருக்கப்போற இவரை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது'ன்னு."