கேத்தரின் போய்விட்டார்

ஆங்கிலத்தில் பி.ஏ. படித்த ஒருவனை ஊர் நம்ப ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் அவனும் தன்னை நம்ப ஆரம்பித்துவிடுவான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் அப்படி நம்பப்பட்டவன் நான். (படித்தவன் என்றுதான் சொன்னேன். தேறினேனா என்று யாரும் கேட்டதில்லை.)

தொண்ணூறுகளின் கடைசி. என் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மலையிலிருந்து இறங்கும் மிளகை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். கடையின் ஒரு மூலையைக் கண்ணாடியால் தடுத்து டெலிபோன் பூத் வைத்திருந்தோம். வெளிநாட்டுக்கும் பேசலாம் என்று போர்டில் எழுதியிருந்தது. பேசத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் மத்தியானம் மலையிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் ஓர் இங்கிலாந்துப் பெண் படுத்திருந்தார். பெயர் கேத்தரின். பொழுதுபோக்குக்காகப் பாறைகளில் கயிறு கட்டி இறங்குகிறவர். அன்று அருவிப் பக்கம் இறங்கும்போது வழுக்கி விழுந்து கால் முறிந்திருந்தது. மூங்கில் பட்டை வைத்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அவர் தலையை மடியில் தாங்கியிருந்தவர் பழனியம்மாள். மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் மரவள்ளி போட்டிருப்பவர். அவர் வீட்டுக் கயிற்றுக்கட்டிலில் வைத்துத்தான் கேத்தரினை ரோடு வரைக்கும் தூக்கி வந்திருக்கிறார்கள்.

கேத்தரின் என்னிடம் ஓர் அட்டையை நீட்டினார். இப்படி வெளிநாடு போய் மலையேறி விழுகிறவர்களுக்கென்றே தனியாக இன்சூரன்ஸ் இருக்கிறதாம். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்கும். தேவைப்பட்டால் விமானத்தில் படுக்கவைத்து ஊருக்கே கொண்டுபோகும். ஆனால் உடனே தகவல் சொல்லவேண்டும். அட்டையில் லண்டன் நம்பர் இருந்தது. விஷயத்தைச் சொல்லிவிட்டு அவர் சோர்ந்து சாய்ந்துகொண்டார்.

"நீங்களே பேசிருங்க தம்பி. அழுது அழுது இப்பத்தான் கண்ணை மூடியிருக்குது. எழுப்ப வேண்டாமுங்க" என்றார் பழனியம்மாள்.

நான் பூத்துக்குள் போனேன். லைன் கிடைப்பேனா என்றது. இனியும் காத்திருக்க முடியாது என்று டிரைவர், சேலத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் அத்தாவிடம் சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பிவிட்டார். அத்தா கண்ணாடியைத் தட்டி, போய்விட்டார்கள் என்று கையைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து லைன் கிடைத்தது. ஒரே இரைச்சல். அதற்கு நடுவே ஒரு பெண்குரல், விழுந்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டது.

"ஷீ இஸ் கான், மேடம்" என்றேன். போய்விட்டார். இப்போதுதான் போனார் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

"ஐயம் ஸோ சாரி" என்றார் அந்தப் பெண். பிறகு, ரொம்ப வேதனைப்பட்டாரா என்று கேட்டார். முதலில் அழுதார், கடைசியில் ஓர் அம்மாவின் மடியில் அமைதியாகக் கண்ணை மூடிவிட்டார் என்றேன். நாலு பேர் தோளில் சுமந்தார்கள், ஊர் ஜனம் பின்னாலேயே நடந்தது என்றும் சொன்னேன். எங்கள் மலை ஜனங்களின் நல்ல மனசு லண்டனுக்கும் தெரியட்டும் என்ற ஆசைதான். (இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இன்றுவரை என் தரப்பு வாதம் அதுதான்.)

அவரைக் கொண்டுபோகத் தங்கள் ஆட்கள் எங்கே வரவேண்டும் என்று கேட்டார். கடை விலாசத்தைக் கொடுத்தேன். தழுதழுத்த குரலில் நன்றி சொல்லி வைத்தார். எவ்வளவு பண்பான ஜனங்கள் என்று அத்தாவிடம் வியந்தேன்.

மறுநாள் காலை, குளிர்பெட்டி வைத்த வண்டி ஒன்று கடை வாசலில் நின்றது.

"ஏனுங்க, வெள்ளைக்காரம்மா பாடி இங்கதானுங்களா?"

 ராத்திரி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அத்தா தராசை இறக்கி வைத்தார். "நீயும் கூடப் போ. அந்தப் பொண்ணுக்கு இங்கே யாரும் இல்ல" என்றார்.

சேலம் வரைக்கும் அந்த வண்டியிலேயே போனேன். திருப்பங்களில் காலிப் பெட்டி பின்னால் இடித்துக்கொண்டே வந்தது. ஒருதடவை பேசிய பெண்தான். ஆனாலும் என்னை நம்பி அட்டையைக் கொடுத்தவர். அழுகையை அடக்க முடியவில்லை. டிரைவர் ஒன்றும் கேட்காமல் தன் துண்டைக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வார்டில் கேத்தரின் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏன் சாமி இப்படி அழுவறீங்க? காலுதானுங்களே ஒடஞ்சுது" என்றார் பழனியம்மாள். பின்னாலேயே வந்த டிரைவர், "எந்தப் பெட்டுங்க?" என்று கேட்டார்.

லண்டனுக்கு என்ன சொன்னாய் என்று கேத்தரின் கேட்டார். வரி விடாமல் ஒப்பித்தேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. "அம்மா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனி அவர் வீட்டுக்கும் சொல்லியிருக்கும்.

நர்ஸ் ஆபீஸ் போனை வயரோடு இழுத்து வந்தார். நான்தான் அம்மா, என்றார் கேத்தரின்.  மறுமுனையில் ஓர் ஓலம் கேட்டது, கட்டிலிலிருந்து தள்ளி நின்ற எனக்கே கேட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கேத்தரினாலும் பேச முடியவில்லை. பழனியம்மாள் ரிசீவரை வாங்கினார்.

"அழுவாதீங்க. உங்க புள்ள நல்லா இருக்குது. இப்பத்தான் இட்லி தின்னுச்சு. ஊட்டுக்கு அனுப்பி வெக்கிறமுங்க."

அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, மெல்ல மெல்ல அழுகை அடங்கியது.

போனை வைத்ததும் கட்டில் குலுங்கியது. கேத்தரின் அழுகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கம்பெனிதான் லேசில் சிரிக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று பெரிய டாக்டர் தம் வாயால் சொன்ன பிறகுதான் செலவை ஏற்றது. சில வாரம் கழித்து விமானத்தில் காலை நீட்டிப் படுத்தபடி ஊர் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை எனக்குத் தருவதில்லை. யாரையும் மொட்டையாகப் 'போய்விட்டார்' என்று சொல்லவும் கூடாது. எங்கே என்று சேர்த்துச் சொல்லவேண்டும். என் மனைவி போட்ட சட்டம். போன வாரம் என்னைக் கேட்டு ஒரு போன் வந்தது. மகள் எடுத்தாள்.

"அத்தா குளிக்கப் போயிருக்காருங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உயிரோடதான் இருக்காருங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.